வைல்ட்கேட் தோட்டா

வைல்ட்கேட் தோட்டா அல்லது காட்டுப்பூனைத் தோட்டா என்பது எந்தத் தொழிற்சாலையும் வணிக அளவில் உற்பத்தி செய்யாத, எந்தத் தர அமைப்பும் அளவுகளை வரையறுக்காத துப்பாக்கித் தோட்டா ஆகும். ஏற்கெனவே உள்ள ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்து, தோள், நீளம் ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ மாற்றி, வேறு விட்டமுள்ள குண்டைப் பொருத்தி இது உருவாக்கப்படுகிறது. இதனைச் சுடுவதற்குரிய குழலும் தனியாகக் குடையப்படவேண்டும். 20 ஆம் நூற்றாண்டில் இவ்வாறு தோன்றிய வேட்டைத் தோட்டாக்களுள் பெரும்பாலானவை பழைய இராணுவ ரைபிள் தோட்டாக்களின் கூடுகளிலிருந்து பிறந்தவை. குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவின் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, ஜெர்மனியின் 7×57 மவுசர், 8×57 மவுசர் ஆகிய மூன்றும் பல தோட்டாக்களுக்குத் தாய்க் கூடுகளாக விளங்கின.

வைல்ட்கேட் வடிவமைப்பு முற்றிலும் புதிய ஒன்றைக் கண்டுபிடிப்பதைப் போன்றதன்று. கூட்டின் அடி விட்டம், தாழின் முகம், பெட்டியின் நீளம், எஃகின் வலிமை ஆகிய அனைத்தையும் இராணுவப் பொறியாளர்கள் முன்னரே முடிவு செய்துவிட்டனர். வடிவமைப்பாளரின் உரிமை பெரும்பாலும் தோளுக்கு மேற்பட்ட பகுதியோடு நின்றுவிடுகிறது. இந்த எல்லையை மதித்த தோட்டாக்களுட் சில, பிற்காலத்தில் தொழிற்சாலைத் தோட்டாக்களாக ஏற்கப்பட்டு இன்றும் வழக்கில் உள்ளன. எல்லையை மீறிய முயற்சிகள் துப்பாக்கிகள் சிதறவும் சுடுவோர் காயமடையவும் காரணமாயின.

பெயர்

அமெரிக்க ஆங்கிலத்தில் காட்டுப்பூனையைக் குறிக்கும் வைல்ட்கேட் என்னும் சொல், முறையான கட்டுப்பாட்டுக்கு உட்படாத தொழில் முயற்சிகளுக்கு 19 ஆம் நூற்றாண்டிலேயே வழங்கப்பட்டது. ஒழுங்கற்ற வங்கிகளும், எண்ணெய் உள்ளதென உறுதியாகாத இடங்களில் தோண்டப்பட்ட கிணறுகளும் இப்பெயரால் அழைக்கப்பட்டன. தர அமைப்பின் அங்கீகாரம் இல்லாத தோட்டாக்களுக்கும் அதே பெயர் நிலைத்தது. எனவே இப்பெயருக்கும் பூனை வேட்டைக்கும் தொடர்பில்லை.

இத்தோட்டாக்களின் பெயர்களிலிருந்தே அவற்றின் பிறப்பை ஓரளவு அறியலாம். .25-06 என்பதில் முதல் எண் அங்குலத்தில் தோராயமான குழல் விட்டத்தையும், இரண்டாவது எண் .30-06 என்னும் தாய்க் கூட்டையும் குறிக்கின்றன. தாய்த் தோட்டாவின் பெயரில் உள்ள 06 என்பது 1906 ஆம் ஆண்டைக் குறிக்கும். 7மிமீ-08 என்பதில் வரும் 08, .308 வின்செஸ்டர் கூட்டைக் குறிக்கிறது. .35 வீலன், .257 ராபர்ட்ஸ் போன்றவை மனிதர்களின் பெயர்களைத் தாங்கியவை.

தோட்டாவின் பாகங்கள்

வைல்ட்கேட் வடிவமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு தோட்டாவின் அமைப்பை அறிதல் வேண்டும்.

* குண்டு: குழலின் வழியே வெளியேறி இலக்கைத் தாக்கும் பகுதி.
* கூடு: குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் பித்தளைக் கலம். பொதுவாக 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது.
* வெடிமருந்து: எரிந்து உயர் அழுத்த வளிமத்தை உருவாக்கும் புகையற்ற மருந்து.
* எரியூட்டி (பிரைமர்): கூட்டின் அடியில் உள்ள சிறு கிண்ணம். சுடுமுள் தாக்கும்போது தீப்பொறியை உண்டாக்கும்.

கூட்டின் பகுதிகளுக்கு உடலுறுப்புகளின் பெயர்கள் வழங்குகின்றன. குண்டைப் பிடித்திருக்கும் குறுகிய பகுதி கழுத்து எனப்படும். கழுத்து விரிந்து உடலோடு சேரும் சரிவு தோள் ஆகும். தடித்த அடிப்பகுதி தலை எனப்படுகிறது. தலையில் உள்ள விளிம்பையே துப்பாக்கியின் கொக்கி பற்றி வெற்றுக் கூட்டை வெளியே இழுக்கிறது.

தோட்டா நுழைந்து அமரும் குழலின் பின்பகுதி குழலறை எனப்படும். அறையை மூடிப் பூட்டும் உருளை வடிவப் பாகம் தாழ் ஆகும். தாழின் முகத்துக்கும், கூட்டைத் தடுத்து நிறுத்தும் அறையின் பகுதிக்கும் உள்ள தொலைவு தலையிடைவெளி (ஹெட்ஸ்பேஸ்) என்று அழைக்கப்படுகிறது. விளிம்பு வெளியே நீளாத .30-06 போன்ற கூடுகளில் தோளே இந்தத் தடுப்பாக அமைகிறது. வைல்ட்கேட் வடிவமைப்பில் தோளின் இடத்தை மாற்றுவது எளிதான செயல் அன்று என்பதற்கு இதுவே காரணம்.

இராணுவக் கூடுகள் அடிப்படையானமை

இராணுவத் தோட்டாக்கள் வேட்டைத் தோட்டாக்களுக்கு அடிப்படையானதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது காரணம், மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தமை. இரண்டு உலகப் போர்களுக்குப் பின்னரும் கோடிக்கணக்கான தோட்டாக்களும் இலட்சக்கணக்கான ரைபிள்களும் தேவைக்கு மேல் எஞ்சின. சுட்டு முடித்த வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்த முடியும் என்பதால், அமெரிக்காவில் மறுநிரப்பல் ஒரு பரவலான பொழுதுபோக்காக வளர்ந்தது.

இரண்டாவது காரணம், தலை விட்டத்தின் ஒற்றுமை. 7×57, 8×57 ஆகிய மவுசர் தோட்டாக்கள், .30-06, பின்னர் வந்த .308 வின்செஸ்டர் ஆகிய அனைத்தின் விளிம்பு விட்டமும் ஏறத்தாழ 12 மிமீ ஆகும். ஆகவே மவுசர் 98 வகை ரைபிளின் தாழை மாற்றாமல் குழலை மட்டும் மாற்றி, இக்குடும்பத்தைச் சேர்ந்த எந்தத் தோட்டாவுக்கும் உரியதாக அதனை ஆக்கமுடிந்தது.

மூன்றாவது காரணம், வலிமை. இராணுவக் கூடுகள் கடுமையான கையாளலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை.

நான்காவதாக, வெடிமருந்தும் போரிலிருந்தே கிடைத்தது. 1920 அளவில் .25-06 தோன்றியபோது, அவ்வளவு பெரிய கூட்டையும் அவ்வளவு சிறிய குழலையும் பொருத்தமாக இணைக்கும் மெதுவான வெடிமருந்து சந்தையில் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 20 மிமீ பீரங்கித் தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்ட 4831 என்னும் மருந்தின் எஞ்சிய இருப்பை அமெரிக்க வணிகரான புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி விற்றார். மெதுவாக எரியும் அம்மருந்து கிடைத்த பின்னரே .25-06 போன்ற தோட்டாக்கள் தம் முழுப் பயனையும் தந்தன.

முக்கிய தாய்க் கூடுகள்

7×57 மவுசர்: 1890களின் தொடக்கத்தில் அறிமுகமானது. ஸ்பெயின் உள்ளிட்ட பல நாடுகளின் படைகள் பயன்படுத்தின. நெட் ராபர்ட்ஸ் என்னும் அமெரிக்கர் இதன் கழுத்தை 6.5 மிமீ அளவுக்குச் சுருக்கி உருவாக்கிய தோட்டாவைத் தழுவி, 1934 இல் ரெமிங்டன் நிறுவனம் .257 ராபர்ட்ஸ் தோட்டாவை வெளியிட்டது. 1955 இல் வந்த .244 ரெமிங்டனும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

8×57 மவுசர்: ஜெர்மனியின் 1888 ஆம் ஆண்டு ஆணைய ரைபிளுக்காக உருவானது. 1905 இல் கூர்முனைக் குண்டு ஏற்கப்பட்டபோது குண்டின் விட்டம் 8.08 மிமீ இலிருந்து 8.20 மிமீ ஆக உயர்ந்தது. சிறியதாகத் தோன்றும் இவ்வேறுபாடு பல பத்தாண்டுகளுக்குத் தொல்லை தந்தது.

.30-06 ஸ்பிரிங்ஃபீல்டு: 1906 இல் ஐக்கிய அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது. கூட்டின் நீளம் 63.3 மிமீ. வைல்ட்கேட் தோட்டாக்களின் மிகப்பெரிய குடும்பம் இதனுடையது.

.303 பிரித்தானியம்: 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியப் படையின் தோட்டாவானது. வெளியே நீண்ட விளிம்பு உடையது. ஆஸ்திரேலியாவில் இதன் கழுத்தைச் சுருக்கி .303/25 என்னும் தோட்டாவை உருவாக்கினர்.

7.62×51 நேட்டோ: இதன் குடிமக்கள் வடிவமான .308 வின்செஸ்டர் 1952 இல் வெளிவந்தது. இராணுவத் தோட்டாவை நேட்டோ 1954 இல் ஏற்றது. .243 வின்செஸ்டர், 7மிமீ-08 ரெமிங்டன், .260 ரெமிங்டன், .338 ஃபெடரல் ஆகியவை இதன் வழிவந்தவை.

7.62×39: சோவியத் ஒன்றியத்தின் தோட்டா. இதிலிருந்து .220 ரஷ்யன் என்னும் வேட்டைத் தோட்டா தோன்றியது. அதன் கூட்டைக் கொண்டு லூயிஸ் பால்மிசானோ, பெரிஸ் பிண்டெல் ஆகிய இருவரும் 1975 அளவில் உருவாக்கிய 6மிமீ பிபிசி, மேசையில் வைத்துத் துல்லியமாகச் சுடும் போட்டிகளில் முன்னணித் தோட்டாவாயிற்று.

வடிவமைக்கும் முறைகள்

கழுத்தைச் சுருக்குதல்

கூட்டின் கழுத்தை எஃகு அச்சு (டை) ஒன்றினுள் அழுத்திச் சிறிய குண்டுக்கு ஏற்ப ஒடுக்குதல் மிகப் பரவலான முறையாகும். அதே அளவு மருந்து இலேசான குண்டைத் தள்ளுவதால் வேகம் கூடுகிறது; குண்டின் பாதை தட்டையாகிறது. திறந்த வெளிகளில் மான், மலையாடு போன்ற விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுவோர் இதனை விரும்பினர். .30-03 என்னும் முன்னோடி இராணுவக் கூட்டிலிருந்து தொழிற்சாலையிலேயே இம்முறையில் உருவாக்கப்பட்ட .270 வின்செஸ்டர் 1925 இல் வெளியானது.

கழுத்தை விரித்தல்

பெரிய, கனமான குண்டைப் பொருத்துவதற்காகக் கழுத்து விரிக்கப்படுகிறது. கரடி, எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்கு இத்தகைய தோட்டாக்கள் உரியவை. .30-06 கூட்டின் கழுத்தை 9.1 மிமீ குண்டுக்கு ஏற்ப விரித்து 1922 இல் உருவான .35 வீலன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கழுத்தை விரிக்க விரிக்கத் தோள் குறுகிக்கொண்டே போகும் என்பது இம்முறையின் குறைபாடு.

நீளத்தைக் குறைத்தல்

கூட்டை வெட்டிக் குறைத்துத் தோளைப் பின்னுக்குத் தள்ளுவதன் மூலம் சிறிய பூட்டமைப்புள்ள துப்பாக்கிகளுக்கு ஏற்ற தோட்டா கிடைக்கிறது. இவ்வாறு வெட்டும்போது கூட்டின் தடித்த பகுதி புதிய கழுத்தாக அமைவதால், உட்சுவரைச் சீவி மெலிதாக்க வேண்டியிருக்கும்.

மேம்படுத்திய வடிவம்

கூட்டின் உடல் இயல்பாக முன்நோக்கிச் சற்றே கூம்பியிருக்கும். இக்கூம்பலைக் குறைத்து, தோளை மேலும் செங்குத்தாக்கினால் உட்கொள்ளளவு கூடும். பார்க்கர் ஓட்டோ ஆக்லி (1903–1989) என்னும் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர் 40 பாகைத் தோளைக் கொண்ட பல தோட்டாக்களை இவ்வாறு உருவாக்கினார். தாய்த் தோட்டாவையே மாற்றியமைத்த அறையில் சுடும்போது, அழுத்தத்தால் பித்தளை விரிந்து புதிய வடிவத்தைப் பெறுகிறது. இதற்குச் சுட்டு உருவாக்கல் என்று பெயர். மேம்படுத்திய துப்பாக்கியில் பழைய தொழிற்சாலைத் தோட்டாவையும் சுடமுடிதல் இம்முறையின் சிறப்பாகும்.

மேற்கூறிய எந்த முறையிலும் பித்தளை வளைந்து நெளிவதால் கடினமாகி, பின்னர் வெடிக்கும் இயல்பைப் பெறுகிறது. ஆகவே கழுத்தையும் தோளையும் மட்டும் அளவோடு சூடாக்கி இளக்குவர். தலைப்பகுதி சூடேறி மென்மையானால் அது அழுத்தத்தைத் தாங்காது, அக்கூடு பயனற்றதாகிவிடும்.

வடிவமைப்பின் எல்லைகள்

கொள்ளளவும் வேகமும்

கூடு பெரிதானால் வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்று கருதுவது பொதுவான தவறாகும். அழுத்தம் மாறாதிருக்கும்போது, கொள்ளளவு கூடும் விழுக்காட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேகத்தில் கூடும் என்பது மறுநிரப்பாளர் பின்பற்றும் தோராய விதி. கொள்ளளவு 10 விழுக்காடு உயர்ந்தால் வேகம் 2.5 விழுக்காடு மட்டுமே உயரும். நொடிக்கு 850 மீட்டர் வேகமுள்ள குண்டு இதனால் பெறுவது ஏறத்தாழ 21 மீட்டரே.

இவ்விதியைக் கொண்டு பழைய வைல்ட்கேட் தோட்டாக்களைப் பற்றிய வியப்பூட்டும் கூற்றுகளை மதிப்பிடலாம். சிறிதளவே பெரிதாக்கிய கூட்டிலிருந்து மிகப்பெரிய வேக உயர்வு கிடைத்ததாகக் கூறப்பட்டால், அதன் பெரும்பகுதி வடிவத்தால் வந்ததன்று. கூடுதல் அழுத்தத்தால் வந்தது. தனியார் பட்டறைகளில் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் அரிதாக இருந்த காலத்தில் இவ்வேறுபாடு புலப்படவில்லை.

குழல் விட்டம்

.30-06 கூட்டின் கழுத்தில் 6.53, 7.82, 9.09 மிமீ குண்டுகளைப் பொருத்தினால், அவற்றின் குறுக்குப் பரப்புகள் முறையே ஏறத்தாழ 33, 48, 65 சதுர மிமீ ஆகும். அதாவது ஒரே அளவு கூட்டின் வளிமம், .25-06 இல் .35 வீலனைப் போல் பாதிப் பரப்புள்ள துளையின் வழியே வெளியேறவேண்டும். இதனால் சிறு குழலின் தொடக்கப் பகுதி விரைவில் அரிக்கப்பட்டுத் துல்லியம் குறைகிறது. மேலும் மெதுவாக எரியும் மருந்தும் நீண்ட குழலும் தேவைப்படுகின்றன.

புரிகளின் சுழற்சி

குண்டு நிலையாகப் பறப்பதற்குக் குழலினுள் உள்ள புரிகள் அதனைச் சுழற்றவேண்டும். நீளமான குண்டுக்கு விரைவான சுழற்சி தேவை. 1955 இல் வெளியான இரண்டு தோட்டாக்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். வின்செஸ்டரின் .243, பத்து அங்குலத்துக்கு (254 மிமீ) ஒரு சுற்று என்ற புரியோடு வந்தது. அதனால் 100 கிரெயின் (6.5 கிராம்) குண்டுகளையும் மான் வேட்டையில் பயன்படுத்த முடிந்தது. ரெமிங்டனின் .244, பன்னிரண்டு அங்குலத்துக்கு (305 மிமீ) ஒரு சுற்று என்ற புரியைக் கொண்டிருந்தது. கூட்டின் கொள்ளளவு சற்று மிகுதியாக இருந்தும், கனமான குண்டுகளுக்கு அது ஏற்றதல்ல என்ற கருத்து பரவியதால் விற்பனையில் பின்தங்கியது. 1963 இல் விரைவான புரியோடு 6மிமீ ரெமிங்டன் என்னும் புதுப்பெயரில் வெளியிட்டும் இழந்த இடத்தை மீட்கமுடியவில்லை.

அழுத்தமும் தாழின் மீதான உந்துதலும்

.30-06 தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வரையறுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 414 மெகாபாஸ்கல். கூட்டின் அடி வெளிவிட்டமான 12 மிமீ இன் பரப்போடு இதனைப் பெருக்கினால், தாழைப் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 47 கிலோநியூட்டன் ஆகும். இது நாலரை டன்னுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம். கூட்டின் உள்விட்டம் இதைவிடக் குறைவு. பித்தளையும் அறைச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே தாழ் உணரும் விசை இக்கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். எனினும் சுடுபவரின் கண்ணுக்குச் சில அங்குலத் தொலைவில் நிகழும் செயலின் அளவை இக்கணக்கு உணர்த்தும்.

உடற்கூம்பல் குறைந்த கூடு சுவரை நன்கு பற்றுவதால் உந்துதல் குறையும் என்று ஆக்லி தம் சோதனைகளின் வழியே எடுத்துக்காட்டினார். ஆனால் எண்ணெயோ ஈரமோ அறையில் இருந்தால் இப்பற்று இழக்கப்படும். எனவே இதனை நம்பி வலிமை குறைந்த துப்பாக்கியில் அழுத்தத்தை உயர்த்துதல் ஏற்கத்தக்கதன்று.

வரலாறு

தொடக்க காலம்

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைச் சேர்ந்த வழக்கறிஞரான சார்லஸ் நியூட்டன், இராணுவக் கூட்டின் ஆற்றலை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர். .30-06 கூட்டைத் தழுவிய .256 நியூட்டன், முதல் உலகப் போர்க் காலத்தில் வெளிவந்தது. 1915 இல் வெளியான .250 சாவேஜ் தோட்டாவையும் அவர் வடிவமைத்தார். அடால்ஃப் நீட்னர் என்னும் கம்மியர் 1920 அளவில் .25-06 தோட்டாவை உருவாக்கினார்.

அக்காலத்தில் ஃபிராங்ஃபோர்டு படைக்கலச் சாலையில் பணியாற்றிய கர்னல் டவுன்சென்ட் வீலன் (1877–1961), ஜேம்ஸ் ஹோ ஆகியோரின் பெயர்களோடு இணைந்தவை .35 வீலன், .400 வீலன் தோட்டாக்கள். .400 வீலனில் கழுத்து மிகவும் விரிந்ததால் எஞ்சிய தோள் மிகச் சிறியதாயிற்று. தோளே தலையிடைவெளியைக் காப்பதால், அளவு சற்றுப் பிசகினாலும் தோட்டா அறையினுள் ஆழமாக நழுவக்கூடும் என்ற குறை எழுந்தது. .35 வீலனில் போதிய தோள் எஞ்சியதால் அது நிலைத்தது.

போருக்குப் பின்

1945 க்குப் பின்னர் அமெரிக்கா திரும்பிய வீரர்கள் சப்பானிய அரிசாகா ரைபிள்களையும் ஜெர்மானிய மவுசர்களையும் கொண்டுவந்தனர். அரிசாகாவுக்குரிய 6.5 மிமீ தோட்டாக்கள் கிடைப்பது அரிதாக இருந்தது. எனவே .257 ராபர்ட்ஸ் கூட்டின் கழுத்தை 6.5 மிமீ அளவுக்கு விரித்து, துப்பாக்கியின் அறையை அதற்கேற்பக் குடைந்து பயன்படுத்தினர். தாழ்வாகக் கருதப்பட்ட அரிசாகா பூட்டமைப்பு, ஆக்லி நடத்திய அழிவுச் சோதனைகளில் வியக்கத்தக்க வலிமையைக் காட்டியது.

1968 இல் நிறைவேறிய அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அயல்நாட்டு இராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. இதனால் மலிவான மவுசர்களின் வரத்துக் குறைந்தது.

ஆபத்துகள்

வைல்ட்கேட் தோட்டாக்களின் முதன்மையான ஆபத்து, அவற்றுக்குப் பொதுவான அளவு இல்லாமையே. ஒரே பெயருடைய இரு துப்பாக்கிகளின் அறைகள், அவற்றைக் குடைந்த கருவிகளின் வேறுபாட்டால் சமமற்றவையாக இருக்கலாம். ஒன்றில் பாதுகாப்பான மருந்தளவு மற்றொன்றில் ஆபத்தாகலாம். இத்துறையில் கவனத்துக்குரிய சில:

* இராணுவக் கூட்டின் தடிப்பு: இராணுவக் கூடுகள் பெரும்பாலும் வணிகக் கூடுகளைவிடக் கனமானவை. வெளியளவு ஒன்றாயினும் உட்கொள்ளளவு குறைவதால் அதே மருந்து கூடுதல் அழுத்தத்தைத் தரும்.
* பழைய எரியூட்டி: பாதரசம் கலந்த எரியூட்டிகள் பித்தளையை நொறுங்கச் செய்தன. குளோரேட்டு கலந்தவை குழலில் உப்பைப் படியவைத்துத் துருவை உண்டாக்கின. வெளித்தோற்றத்தில் நன்றாக உள்ள பழைய கூடு உள்ளே வலுவிழந்திருக்கலாம்.
* எஃகின் குறை: முதல் உலகப் போர்க் காலம் வரை ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் எஃகின் வெப்பநிலை, அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடப்பட்டது. அளவுக்கு மேல் சூடேறிய சில பூட்டமைப்புகள் நொறுங்கும் தன்மை பெற்றன. அச்சாலையின் 800,000 க்குக் குறைந்த வரிசை எண் கொண்ட எம்1903 ரைபிள்கள் இன்றும் சுடத்தகாதவையாகக் கருதப்படுகின்றன.
* இரு விட்டங்கள்: 8.20 மிமீ குண்டைப் பழைய 8.08 மிமீ குழலில் சுடுவது ஆபத்தானது. இதனால் அமெரிக்கத் தர அமைப்பு 8×57 தோட்டாவுக்கு 35,000 பவுண்டு (ஏறத்தாழ 241 மெகாபாஸ்கல்) என்னும் தாழ்ந்த வரம்பை விதித்தது. ஐரோப்பிய அமைப்பு புதிய குழலுக்குரிய வடிவத்துக்கு 390 மெகாபாஸ்கலை அனுமதிக்கிறது.
* தவறான தோட்டா: .223 கூட்டின் வழிவந்த .300 பிளாக்அவுட் தோட்டாவைச் சில வேளைகளில் .223 துப்பாக்கியில் பூட்டிவிட முடியும். அவ்வாறு சுட்டால் 7.8 மிமீ குண்டு 5.7 மிமீ குழலை அடைத்துத் துப்பாக்கியைச் சிதறச் செய்யும்.

கடைசி எடுத்துக்காட்டு, குழலின் மீது தோட்டாவின் சரியான பெயரைப் பொறிப்பதன் தேவையை விளக்குகிறது. மாற்றியமைத்த இராணுவ ரைபிள் ஒன்றில் பழைய முத்திரை மட்டுமே இருந்தால், உரிமையாளர் மறைந்த பின்னர் அதனைப் பெறும் ஒருவர் உள்ளே உள்ள அறை எதுவென்று அறியமாட்டார். இத்தகைய துப்பாக்கிகளில் அறையை உருகிய கந்தகம் அல்லது தகுந்த உலோகக் கலவையால் வார்த்து அளந்தறிவது கம்மியர்களின் வழக்கம்.

தரப்படுத்தல்

ஒரு வைல்ட்கேட் தோட்டாவைத் தொழிற்சாலை ஒன்று ஏற்று, அதன் அளவுகளையும் உச்ச அழுத்தத்தையும் தர அமைப்பு வரையறுத்துவிட்டால் அது வைல்ட்கேட் அல்லாமற் போகிறது. 1926 இல் தொடங்கப்பட்ட எஸ்ஏஏஎம்ஐ என்னும் அமெரிக்க உற்பத்தியாளர் அமைப்பும், 1914 இல் தோன்றிய சிஐபி என்னும் பன்னாட்டு ஆணையமும் இப்பணியைச் செய்கின்றன. இவ்வாறு ஏற்கப்பட்ட சில தோட்டாக்கள்:

* .257 ராபர்ட்ஸ் – 1934 – 7×57 கூடு
* .22-250 ரெமிங்டன் – 1965 – .250 சாவேஜ் கூடு
* .25-06 ரெமிங்டன் – 1969 – .30-06 கூடு
* 7மிமீ-08 ரெமிங்டன் – 1980 – .308 கூடு
* .35 வீலன் – 1988 – .30-06 கூடு
* .260 ரெமிங்டன் – 1997 – .308 கூடு
* .338-06 – 1998 – .30-06 கூடு
* .280 ஆக்லி மேம்பாடு – 2007 – .280 ரெமிங்டன் வழியே .30-06 கூடு

.25-06 தோட்டா ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளும், .35 வீலன் அறுபது ஆண்டுகளுக்கு மேலும் இவ்வேற்புக்காகக் காத்திருந்தன. .22-250 தோட்டா வைல்ட்கேட்டாக இருந்தபோதே, 1963 இல் பிரௌனிங் நிறுவனம் அதற்குரிய ரைபிளை விற்றது குறிப்பிடத்தக்கது.

சட்டமும் தோட்டா வடிவமும்

சில நாடுகளில் புதிய தோட்டாக்கள் தோன்றியதற்குத் திறன் மட்டும் காரணமன்று, சட்டமும் காரணமாகும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இராணுவ அளவுத் தோட்டாக்களைக் குடிமக்கள் பயன்படுத்துவதற்கு இருந்த கட்டுப்பாடு, .303/25 போன்ற தோட்டாக்கள் பரவத் துணைசெய்தது.

பிரித்தானிய இந்தியாவிலும் இதையொத்த நிலை இருந்தது. அரசுக்கு எதிரானோரின் கையில் படைத் தோட்டாக்கள் கிடைத்துவிடும் என்னும் அச்சத்தால், 1907 இல் .450 அளவுத் தோட்டாக்கள் இந்தியாவிலும் சூடானிலும் தடைசெய்யப்பட்டன. அதன் விளைவாக .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் போன்ற சற்று வேறுபட்ட அளவுகளை இங்கிலாந்தின் துப்பாக்கி நிறுவனங்கள் உருவாக்கின. .303 அளவுக்கு மாற்றாக இந்தியாவில் வழங்கும் .315 தோட்டா, ஆஸ்திரிய-அங்கேரியப் படையின் 8×50 மான்லிக்கர் தோட்டாவை ஒட்டியது. இதற்குரிய ரைபிளை இச்சாப்பூர் தொழிற்சாலை லீ-என்ஃபீல்டு பூட்டமைப்பில் தயாரித்தது. இவை தொழிற்சாலைத் தோட்டாக்களே; எனினும் படைத் தோட்டாவை ஒத்த, ஆனால் அதனோடு மாற்றிப் பயன்படுத்த இயலாத தோட்டா என்னும் கருத்து ஒன்றே.

இன்று இந்தியாவில் வைல்ட்கேட் வேட்டைத் தோட்டாக்களுக்கு இடமில்லை எனலாம். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியையும் தோட்டாவையும் உரிமமின்றித் தயாரித்தல் குற்றமாகும். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பொதுவாகத் தடைசெய்கிறது.

இன்றைய நிலை

போர்க்கால இருப்புகள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. பழைய இராணுவ ரைபிள்கள் இன்று சேகரிப்பாளர்களால் விலைமதிப்புடையவையாகக் கருதப்படுவதால், அவற்றை வெட்டி மாற்றியமைப்பதைப் பலர் விரும்புவதில்லை. தொழிற்சாலைகள் அளிக்கும் தோட்டாக்களின் வகைகளும் பெருகிவிட்டன. முன்னர் வைல்ட்கேட் நிரப்பிய இடைவெளிகளில் பல, இப்போது கடையில் வாங்கும் தோட்டாக்களால் நிரம்பியுள்ளன. 2007 இல் அறிமுகமான 6.5 கிரீட்மூர் போன்றவை தொடக்கத்திலிருந்தே நீண்ட குண்டுக்கும் விரைவான புரிக்கும் ஏற்ப வடிவமைக்கப்பட்டன.

அழுத்தத்தையும் வேகத்தையும் கணினியில் முன்கூட்டியே மதிப்பிடும் மென்பொருள்களும், குழலின் மீது ஒட்டி அழுத்தத்தை அளக்கும் உணரிகளும் தனியாருக்கும் கிடைப்பதால், இன்றைய வடிவமைப்பாளர் ஆக்லியின் காலத்தவரைவிடத் தெளிவான அறிவோடு பணியாற்ற முடிகிறது. எனினும் 12 மிமீ தலை விட்டம் மாறவில்லை. 1888 இல் ஜெர்மானிய ஆணையம் தேர்ந்த அவ்வளவை ஒட்டியே, இன்று விற்பனையாகும் வேட்டை ரைபிள்களுட் பலவற்றின் தாழ்முகம் இன்றும் செய்யப்படுகிறது.